பணம் வாங்கி நோ பால் போட்டவரை ரசிகர்கள் மன்னிக்கலாமா?

1. கேலரி டிக்கெட், சென்னை

நேற்று இரவு என் மகன் கைப்பேசியில் பழைய ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். 2017 சாம்பியன்ஸ் டிராபி இறுதிப் போட்டி, லண்டன் ஓவல் மைதானம். பாகிஸ்தானின் முகமது ஆமிர் பந்து வீசுகிறார். மூன்றாவது பந்திலேயே ரோகித் சர்மா எல்.பி.டபிள்யூ. ஆமிரின் அடுத்த ஓவரில் கோலியின் மட்டையில் உரசிய பந்து ஸ்லிப்பில் நின்றவரின் கையில் விழுந்து நழுவுகிறது. அப்பாடா என்று மூச்சுவிடுவதற்குள் அடுத்த பந்தில் பாயின்டில் கேட்ச். பிறகு தவான். 339 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 158 ரன்னில் சுருண்டது.

மகனுக்குப் பதினேழு வயது. "என்னமாய்ப் பந்து வீசுகிறார் அப்பா!" என்றான். "இவர் காசு வாங்கிக்கொண்டு நோ பால் போட்டவர், தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றான். 2010 ஆகஸ்ட் லார்ட்ஸ் டெஸ்டைப் பற்றிச் சொன்னேன். தரகர் ஒன்றரை லட்சம் பவுண்டை வாங்கிக்கொண்டு எந்தப் பந்து நோ பால் என்று முன்கூட்டியே சொன்னதையும், சொன்னபடியே ஆமிரின் கால் கோட்டைத் தாண்டி வெகுதூரத்தில் போய் விழுந்ததையும் சொன்னேன். அவன் கேட்டது மூன்றே கேள்வி. "அப்போது அவருக்கு என்ன வயது?" பதினெட்டு. "தண்டனை அனுபவித்தாரா?" அனுபவித்தார், சிறைக்கும் போனார், ஐந்தாண்டு தடையும் இருந்தது. "அப்புறம் என்ன?"

அந்த மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரவு முழுக்கத் தூக்கமும் இல்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். 1985 ஜனவரியில் சேப்பாக்கத்துக்கு மாமா என்னை அழைத்துப்போனார். எனக்குப் பன்னிரண்டு வயது. இங்கிலாந்துடன் டெஸ்ட். ஃபவுலரும் கேட்டிங்கும் ஆளுக்கொரு இரட்டைச் சதம் அடித்தார்கள், நாம் தோற்றோம். ஆனால் அன்று நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது தோல்வியை அல்ல. ஓர் இளைஞனின் மணிக்கட்டை. தூக்கிவிட்ட காலர், ஓடும்போது கழுத்தில் துள்ளும் தாயத்து, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை மிட்விக்கெட் பக்கம் திருப்பிவிடுகிற அந்த ஒரு சுழற்று. முகமது அசாருதீன். முதல் மூன்று டெஸ்டிலும் சதம் அடித்தவர், அதில் நடுவிலுள்ளது எங்கள் சேப்பாக்கத்தில். அவர் படத்தைப் பதினைந்து ஆண்டுகள் என் கட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்திருந்தேன். 2000 டிசம்பரில் சூதாட்டப் புகாரில் அவருக்கு ஆயுள் தடை என்று செய்தி வந்த அன்று என் கையாலேயே கழற்றினேன். கிழிக்க மனம் வரவில்லை. சுருட்டிப் பரணில் போட்டேன்.

அதன்பிறகு எந்த ஆட்டத்தையும் முழு மனதோடு பார்க்க முடிந்ததில்லை. கேட்ச் நழுவினால் கை வழுக்கியதா, காசு வழுக்கியதா என்று ஒரு குரல் உள்ளே கேட்கும். என்னிடமிருந்து பறிபோனது அதுதான். அதைத் திருப்பிக் கொடுக்காதவரை நான் ஏன் மன்னிக்க வேண்டும்? மனதில் பட்டதை எழுதுங்கள். மகனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

2. தேம்ஸ் கரை, லண்டன்

கேலரி அண்ணா, அதே ஓவல் மைதானத்தில் இரண்டு ஆண்டு கழித்து நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

2019 ஜூன் 9, உலகக் கோப்பை, இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். ஈஸ்ட் ஹாமிலிருந்து நாங்கள் ஏழு பேர் போயிருந்தோம். மைதானத்தில் நீலச் சட்டை அல்லாதவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்டீவ் ஸ்மித் எல்லைக்கோட்டருகே ஃபீல்டிங் செய்ய வந்தார். முந்தைய ஆண்டு பந்தைச் சேதப்படுத்திய விவகாரத்தில் ஓராண்டுத் தடை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். எங்கள் கூட்டத்தில் யாரோ "ஏமாற்றுக்காரன்" என்று ஆரம்பித்தார்கள். பத்துப் பேர், நூறு பேர் என்று சேர்ந்துகொண்டார்கள். நானும் சேர்ந்தேன். என்னோடு வந்திருந்த என் அக்காள் மகன், ஒன்பது வயது, அவனும் கத்தினான். எதற்காகக் கத்துகிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

அப்போது மட்டை பிடித்துக்கொண்டிருந்த கோலி எங்கள் பக்கம் திரும்பினார். கையை விரித்து, என்ன இது என்பதுபோல் கேட்டு, கைதட்டுங்கள் என்று சைகை காட்டினார். ஸ்மித் வந்து அவர் கையைத் தொட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. எங்கள் பக்கம் சத்தம் அடங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள் என்று சொன்னால் பொய், அடங்கினோம். ஆட்டம் முடிந்த பிறகு கூட்டத்தின் சார்பில் ஸ்மித்திடம் தான் வருத்தம் தெரிவித்ததாகக் கோலி சொன்னார். அந்தச் செயலுக்கு ஐ.சி.சி. அவருக்கு விருதும் கொடுத்தது.

அண்ணா, அந்த நேரத்தில் எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. ஓராண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டு வந்த மனிதனைப் பார்த்து, அவன் என்னை எந்த விதத்திலும் ஏமாற்றியிராத நிலையில், பக்கத்துச் சீட்டுக்காரர் கத்துகிறார் என்பதற்காக நானும் கத்தினேன். கோபம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது கூட்டத்தில் கிடைக்கிற தைரியம். தண்டனை கொடுக்க ஆள் இருக்கிறார்கள், கொடுத்தார்கள், முடிந்தது. அதற்கு மேல் ரசிகன் தன் பங்குக்கு ஒரு தண்டனை சேர்ப்பது நியாயமில்லை. உங்கள் மகன் கேட்டதுதான் சரி. அப்புறம் என்ன?

3. இழைப்புளி, நாகர்கோவில்

தேம்ஸ் கரை நண்பரே, உங்கள் வெட்கம் உயர்ந்த குணம். ஆனால் ஸ்மித் விஷயத்தில் நடந்ததை நீங்கள் பாதியிலிருந்து சொல்கிறீர்கள்.

நான் மரவேலைக்காரன். உப்புத்தாள் என் கையில் முப்பது ஆண்டு. அதைப் பிடித்த விரலுக்கு அதன் நெறுநெறுப்பு அன்று முழுக்கப் போகாது. 2018 மார்ச்சில் கேப் டவுனில் பேன்கிராஃப்ட் என்ற இளைஞர் ஒரு சின்ன மஞ்சள் துண்டால் பந்தைத் தேய்த்தார். கேமரா பார்த்துவிட்டது என்று தெரிந்ததும் அதைக் கால்சட்டைக்குள் திணித்தார். அன்று மாலை அவரும் தலைவர் ஸ்மித்தும் பத்திரிகையாளர் முன் உட்கார்ந்து, அது ஒட்டுத்தாள், அதில் மண் ஒட்டியிருந்தது என்றார்கள். சில நாளில் விசாரணை முடிவு வந்தது: அது உப்புத்தாள். அதாவது பிடிபட்ட பிறகும், மன்னிப்புக் கேட்கிற அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பொய்.

எனக்கு அந்தப் பொய்தான் கசக்கிறது, தேய்த்தது அல்ல. பந்தைத் தேய்ப்பது ஆட்டத்தின் சூட்டில் செய்த தவறு என்று விட்டுவிடலாம். நிதானமாகத் தண்ணீர் குடித்து, மைக் முன் உட்கார்ந்து சொன்ன பொய்யை எந்தக் கணக்கில் எழுதுவது? பிறகு சிட்னி விமான நிலையத்தில், தகப்பனார் தோளில் கைவைத்து நிற்க, ஸ்மித் அழுதார். அந்த அழுகையை நான் சந்தேகிக்கவில்லை. பெற்றவர் முன்னால் அப்படி நடித்து அழ முடியாது.

ஆனால் அடுத்து என்ன ஆயிற்று? 2019 ஆஷஸ் தொடரில் எட்ஜ்பாஸ்டன் கூட்டம் உப்புத்தாளை ஆட்டிக்காட்டிக் கூச்சல் போட்டது. அவர் 144, 142 என்று இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். தொடரில் மொத்தம் 774 ரன். கடைசி டெஸ்டில் அவுட்டாகிப் போகும்போது அதே இங்கிலாந்துக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நான் கேட்பது இதுதான்: 774க்குப் பதில் 74 ரன் எடுத்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்களா? அதே கேப் டவுன் விவகாரத்தில் ஒன்பது மாதத் தடை பெற்ற பேன்கிராஃப்ட் அந்தத் தொடரில் ரன் எடுக்கவில்லை, இரண்டு டெஸ்டோடு அணியிலிருந்து போனார். அவரை மன்னித்தோமா என்று யாராவது யோசித்ததுண்டா? நாம் மன்னிப்பது ஆளை அல்ல, ஆட்டத்தை. திறமைக்கு நாம் கொடுக்கிற சலுகைக்கு மன்னிப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

4. கருப்பு அங்கி, மதுரை

வழக்கறிஞன் என்ற முறையில் முதலில் ஒரு திருத்தம். கேலரி ஐயா, அசாருதீன் மீதான ஆயுள் தடை செல்லாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2012 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. சட்டத்தின் கண்ணில் இன்று அவர்மேல் அந்தத் தடை இல்லை. மொராதாபாத் மக்கள் 2009இல் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2019இல் ஐதராபாத் கிரிக்கெட் சங்கத் தலைவரானார். உங்கள் பரணில் கிடக்கும் படத்துக்கு நீங்கள் கொடுத்த தண்டனை, நீதிமன்றம் ரத்து செய்த பிறகும் தொடர்கிறது. குறையாகச் சொல்லவில்லை. "மன்னிக்க வேண்டுமா" என்று கேட்பதற்கு முன் "என்ன நிரூபணமானது" என்று கேட்க வேண்டும்.

இந்திய வேகப் பந்துவீச்சாளர் ஸ்ரீசாந்துக்கும் அப்படித்தான். 2013இல் ஐ.பி.எல். சூதாட்டப் புகாரில் கைது, ஆயுள் தடை. 2015இல் டெல்லி நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தடையை ரத்து செய்து, தண்டனையின் அளவை மறுபடி முடிவு செய்யச் சொன்னது. ஏழாண்டு என்று குறைந்தது. ஒழுங்கு நடவடிக்கைக்குக்கூட அளவு வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ரசிகர்களின் கோபத்துக்கு மட்டும் அளவும் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

ஆனால் இழைப்புளி சொன்ன பொய் விவகாரத்தில் நான் அவர் பக்கம். எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஹான்சி குரோனியே. தென்னாப்பிரிக்கத் தலைவர். 2000 ஏப்ரலில், சூதாட்டத் தரகருடன் அவர் பேசிய தொலைபேசி உரையாடல்களை டெல்லி போலீஸ் வெளியிட்டது. கிங் விசாரணைக் குழு அமைந்தது. முழு உண்மையையும் சொன்னால் கிரிமினல் வழக்கு வராது என்று அவருக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது. அந்த நாட்டுக்கு அந்த முறை புதிதல்ல. நிறவெறி ஆட்சியின் கொடுமைகளை விசாரித்த டெஸ்மண்ட் டூட்டுவின் ஆணையமும் அதே நிபந்தனையைத்தான் வைத்தது: முழுவதும் சொல், அப்போதுதான் பொதுமன்னிப்பு. வெறும் "வருந்துகிறேன்" போதாது.

குரோனியே செய்ததில் பணம் எனக்கு இரண்டாம்பட்சம். நாகபுரி ஒருநாள் ஆட்டத்துக்கு முன் அவர் யாரிடம் பேரம் பேசினார் பாருங்கள். ஹெர்ஷல் கிப்ஸ், ஹென்றி வில்லியம்ஸ். இருவரும் வெள்ளையரல்லாத வீரர்கள். ஆளுக்குப் பதினைந்தாயிரம் டாலர். தலைவர் சொன்னால் மறுக்க முடியாத நிலையில் இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்துப் பேசியிருக்கிறார். கிப்ஸ் 20 ரன்னுக்குள் அவுட்டாக வேண்டும் என்பது பேச்சு. களத்தில் 74 ரன் அடித்துவிட்டார். ஆனாலும் ஒப்புக்கொண்ட குற்றத்துக்கு இருவருக்கும் ஆறு மாதத் தடை. குரோனியே 2002இல் விமான விபத்தில் இறந்தார். 2004இல் தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சி நடத்திய மாபெரும் தென்னாப்பிரிக்கர் வாக்கெடுப்பில் அவருக்குப் பதினொன்றாவது இடம். இறந்தவரை மன்னிப்பது மனித இயல்பு. ஆனால் அந்த இரண்டு இளைஞர்களின் பெயரில் விழுந்த கறையை யார் துடைத்தார்கள்?

5. கேலரி டிக்கெட், சென்னை

வக்கீல் ஐயா, 2012 தீர்ப்பு எனக்குத் தெரியும். செய்தித்தாளில் படித்தேன். படித்த அன்று பரணைப் பார்த்தேன், ஏறவில்லை. தடை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. என்ன நடந்தது என்று யாரும் எனக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் தரப்பில் நியாயம் இருந்தால் அதைக் கேட்கவும் நான் காத்திருக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் புரிகிற மாதிரி யாராவது முழுக் கதையையும் சொல்லியிருந்தால் என்றைக்கோ இறக்கி மாட்டியிருப்பேன்.

6. இடதுகை, யாழ்ப்பாணம்

அண்ணா, ஆமிர் விடயத்தில் நான் எழுத வேண்டும் என்று தோன்றியது. நானும் இடதுகை வேகப் பந்துவீச்சாளனாக இருந்தவன், பாடசாலை மட்டத்தில்.

எனக்குப் பதினாறு வயதில் ஒரு ஆட்டம். எதிரணியின் துடுப்பாட்ட வீரர் 41 ஓட்டங்களுடன் நிற்கிறார். எங்கள் அணித்தலைவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர், நான் தெய்வமாக நினைத்த ஆள், பந்தைத் துடைத்துக் கையில் தரும்போது தணிந்த குரலில் சொன்னார்: "கால் பக்கம் போட்டுக் கொடு, அவனுக்கு ஐம்பது தேவை, தெரிவுக்குழு வந்திருக்கிறது." அவர்கள் இருவரும் சொந்தக்காரர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நான் போட்டேன். மூன்று பந்து. மூன்றும் எல்லைக்கோட்டுக்கு ஓடின. முதல் பந்தை விடும்போது மணிக்கட்டு கூசியதை இப்போதும் உணர முடிகிறது. உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, அது ஒத்துழைக்கவில்லை. நான்தான் பிடித்துத் தள்ளினேன். ஆட்டம் முடிந்து தலைவர் எனக்கு இரண்டு ரோல்ஸும் ஒரு பிளேன்டீயும் வாங்கித் தந்தார். அதையும் சாப்பிட்டேன்.

காசு இல்லை, செய்தி இல்லை, வழக்கு இல்லை. ஆனால் அந்தத் தெரிவில் எங்கள் பக்கத்துப் பாடசாலைப் பையன் ஒருவன் விடுபட்டான். அவன் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலாவது ஒழுங்கை (சந்து). அவனிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம்.

ஆமிருக்குத் தலைவர் சல்மான் பட். பக்கத்தில் பேர்பெற்ற வேகப் பந்துவீச்சாளர் ஆசிஃப். இவர் ஒரு சிறிய ஊரிலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பையன். அந்த டெஸ்டில்தான் லார்ட்ஸில் ஆறு விக்கெட் எடுத்தார், இங்கிலாந்து 102 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட் என்று நின்றது. அப்படிப்பட்ட பந்துவீச்சின் நடுவே அந்த முறையற்ற பந்துகள், அந்த நோ பால்கள். முதலில் அவரும் மறுத்தார் என்பது உண்மை. ஆனால் லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது குற்றத்தை ஒப்புக்கொண்டார். மற்ற இரண்டு வீரர்களும் கடைசிவரை வழக்காடித் தோற்றார்கள்.

தலைவர் கேட்டால் மறுக்க முடியாது என்பது சாக்கு அல்ல. சாக்கு என்றால் நான் இருபத்திரண்டு வருடம் அந்த ஒழுங்கையால் போகும்போது தலையைக் குனிய வேண்டியதில்லை. ஆனால் ஒப்புக்கொள்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். மூன்று பந்துக்கே என்னால் முடியவில்லை. உலகம் பார்க்க அதைச் செய்தவனை நான் மன்னிக்கிறேன்.

7. கருப்பு அங்கி, மதுரை

இடதுகை தம்பிக்கு ஒரு தகவல். கேலரி ஐயாவின் மகன் பார்த்த காணொளியில் ஸ்லிப்பில் கோலியின் கேட்சைத் தவறவிட்டவர் அசார் அலி. 2015 டிசம்பரில் ஆமிரைப் பயிற்சி முகாமுக்கு அழைத்தபோது, அவர் இருக்கும் இடத்தில் நாங்கள் இருக்க மாட்டோம் என்று வெளியே நின்ற இருவரில் ஒருவர் அவர். இன்னொருவர் முகமது ஹஃபீஸ். அசார் அலி ஒருநாள் அணியின் தலைவர் பதவியையே விடத் தயாராக இருந்தார். பேசிச் சமாதானம் செய்து அழைத்துவந்தார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து அதே மூவரும் ஓவலில் கோப்பையைப் பிடித்து நிற்கிறார்கள். அசார் அலி 59, ஹஃபீஸ் ஆட்டமிழக்காமல் 57.

அந்த இருவர் மன்னித்தார்களா, சகித்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் முதலில் மறுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. மறுத்தவன் பிறகு சேர்த்துக்கொண்டால் அதற்கு ஒரு எடை உண்டு.

8. இழைப்புளி, நாகர்கோவில்

சல்மான் பட் கதையையும் முடித்துவிடுங்கள். 2023 டிசம்பரில் அவரைப் பாகிஸ்தான் தேர்வுக் குழுவுக்கு ஆலோசகராக நியமித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் மறுநாளே விலக்கினார்கள். ஆமிரை ஏற்றுக்கொண்ட அதே ரசிகர்கள் சல்மான் பட்டை ஏற்கவில்லை. சின்னவன் திரும்பி ஆடலாம், சின்னவனைக் கெடுத்தவன் அணியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாம் மன்னிப்பது ஆளை அல்ல, ஆட்டத்தை என்று முன்பு எழுதினேன். மக்களிடம் தராசே இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது, அது தவறு. சில நேரம் சரியாகவே நிறுக்கிறார்கள்.

நம் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2015இல் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னை ஐ.பி.எல். அணியை இரண்டு ஆண்டு விலக்கிவைத்தது, நிர்வாகத்தோடு சேர்ந்திருந்தவர் பந்தயம் கட்டிய விவகாரத்தில். 2018இல் அணி திரும்பியபோது காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்கு மாறின. மஞ்சள் சட்டையோடு தனி ரயிலில் ஆயிரம் பேர் போனார்கள். என் தம்பியும் போனான். வீரர்கள் தவறு செய்யவில்லையே என்றான். உண்மைதான். ஆனால் அந்தப் பந்தய விவகாரம் ஒருமுறைகூட எங்கள் வீட்டில் பேசப்படவில்லை. பக்கத்து நாட்டுப் பையன் ஆமிரைப் பற்றி ஏழாண்டு பேசினோம். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பதை நாம் நம் அணிக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

9. வைகறை, கோவை

இதுவரை எழுதிய எல்லோருமே கிரிக்கெட்டைப் பற்றி எழுதினீர்கள். ஏமாந்தவர்கள் ரசிகர்கள், அதனால் மன்னிப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. ஒப்புக்கொள்கிறேன். இதே தராசை வேறு குற்றங்களுக்கும் தூக்கிக்கொண்டு போகிறோமே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குத்துச்சண்டை வீரர் மைக் டைசன். 1992இல் இண்டியானாபோலிஸ் நீதிமன்றத்தில் பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியாகி ஆறாண்டு தண்டனை பெற்றார். மூன்றாண்டு சிறையில் இருந்தார். இன்றுவரை குற்றத்தை மறுக்கிறார். 1995 மார்ச்சில் வெளியே வந்தார், ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் மறுபடி மேடை ஏறினார். பிறகு சிரிப்புப் படங்களில் வந்தார். 2022இல் நம் பக்கத்து மாநிலப் படத்தில்கூட அவரை அழைத்துவந்து விசில் அடித்தோம். அவர் நல்லவர், மாறிவிட்டார், போதும் என்கிறார்கள். மாறியிருக்கலாம். ஆனால் "போதும்" என்று சொல்ல நாம் யார்?

கேலரி ஐயாவின் மகன் முதலில் கேட்டது, "அப்போது அவருக்கு என்ன வயது?" என்று. நல்ல கேள்வி. அந்தப் பெண்ணுக்கும் பதினெட்டு வயதுதான். ஆமிருக்காக அந்தக் கேள்வியைக் கேட்க எத்தனை பேர் இருந்தார்கள்! அவளுக்காகக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன், ஊரும் பெயரும் வேண்டாம். எங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அந்த வட்டாரத்தில் பெரிய பெயர். என் தோழி எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பாடுவாள். ஒரு நாள் வகுப்பிலிருந்து பாதியில் எழுந்து போனாள், பிறகு வரவில்லை. எங்கள் இருவருக்குள் மட்டும் அவள் காரணத்தைச் சொன்னாள். பல ஆண்டு கழித்து அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். வேறு சிலரும் முணுமுணுத்திருப்பார்கள் போலிருக்கிறது. மேடையில் ஒருவர், "பழையதை எல்லாம் மறப்போம், கலையை மதிப்போம்" என்றார். அரங்கம் கைதட்டியது. என் தோழி இப்போது இரண்டு குழந்தைகளுக்குத் தாய். குழந்தைக்குத் தாலாட்டுக்கூடப் பாட மாட்டாள். தம்பூராச் சுருதி கேட்டால் எழுந்துபோய் வானொலியை அணைத்துவிட்டு வருவாள். அன்று கைதட்டிய முந்நூறு பேரும் சேர்ந்து மன்னித்தது எதை? அவர்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. உங்களிடமிருந்து திருடினால் நீங்கள் மன்னியுங்கள். இன்னொருத்தியிடமிருந்து திருடியதை நீங்கள் மன்னிக்காதீர்கள். அவளிடம் போய்க் கேட்கவும் வேண்டாம். அவளை நிம்மதியாக விடுங்கள். கைதட்டாமல் இருந்தால் போதும்.

10. தேம்ஸ் கரை, லண்டன்

வைகறை சகோதரி, "தண்டனை முடிந்தது, அதற்கு மேல் என்ன" என்று நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஸ்மித்துக்கு அது பொருந்தும் என்று இன்னமும் நினைக்கிறேன். எல்லோருக்கும் பொருந்தும் என்பதுபோல் எழுதிவிட்டேன். கத்துவதற்கும் கைதட்டுவதற்கும் நடுவே சும்மா இருப்பது என்று ஒன்று இருக்கிறது, அது எனக்குத் தோன்றவே இல்லை.

11. இடதுகை, யாழ்ப்பாணம்

அக்கா, உங்கள் எழுத்தைப் படித்தபிறகு ஒன்று விளங்கியது. நான் ஆமிரை மன்னிக்கிறேன் என்று எழுதினேன். என்னை மன்னிக்க வேண்டியவன் நாலாவது ஒழுங்கையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அவன் என்ன சொன்னாலும் சரி.

12. கேலரி டிக்கெட், சென்னை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக ஒவ்வொன்றையும் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். இழைப்புளி நண்பரின் உப்புத்தாளைக் கேட்டு என் மேசையில் கிடந்த பழைய துண்டு ஒன்றை எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். வைகறை எழுதியதை வாசித்தபோது ஒன்றும் பேசவில்லை. இடதுகை தம்பி, ஞாயிற்றுக்கிழமை என்ன ஆயிற்று என்று அவன்தான் கேட்கச் சொன்னான். சொல்ல விருப்பமிருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

இன்று மாலை பரணில் ஏறினேன். சுருள் இருந்தது. ஒரு ஓரத்தைக் கரையான் அரித்திருக்கிறது, காலரும் தாயத்தும் தப்பியிருக்கின்றன. கூடத்தில் விரித்து நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர் வைத்தேன். "இது யார்?" என்று கேட்டான்.

சொன்னேன். 99 டெஸ்ட். முதல் மூன்றிலும் சதம், கடைசி டெஸ்டிலும் சதம், பெங்களூரில், 2000 மார்ச்சில். சேப்பாக்கத்தில் மாமாவின் மடியில் பாதியும் கம்பியில் பாதியுமாக நின்று பார்த்ததைச் சொன்னேன். அந்த மணிக்கட்டை ஒரு கரண்டியை வைத்துச் செய்து காட்டினேன். பிறகு 2000 டிசம்பரைச் சொன்னேன், படத்தைக் கழற்றிய இரவைச் சொன்னேன், 2012 தீர்ப்பையும் விடவில்லை. எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன்.

"மாட்டப் போகிறீர்களா?" என்றான். இல்லை என்றேன். "அப்படியானால் என் அறையில் வைத்துக்கொள்கிறேன். சுவரில் இல்லை, மேசைக்குள்" என்று மெதுவாகச் சுருட்டி எடுத்துப்போனான். பிறகு அதே கைப்பேசியில் 1985 சேப்பாக்கம் ஆட்டம் கிடைக்கிறதா என்று தேட ஆரம்பித்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.